போன் மக்கர் செய்தால்: கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன் எங்கள் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) போன் திணற ஆரம்பித்தது. வாட்ஸ்ஆப் திறக்கவே அரை நிமிடம் ஆகும், வீடியோ கால் பாதியில் நின்றுவிடும். மாமா அதைப் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். "சாப்ட்வேர் போடணுமுங்க" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் புதுப் போன் மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்து கேலரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, இறந்துபோன அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) படங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. தோட்டத்தில் தென்னங்கன்று வைத்துக்கொண்டே அவர் பேசிய வீடியோவும் போய்விட்டது. "அதைத் திருப்பி எடுக்க முடியாதா சாமி?" என்று அமுச்சி என்னிடம் கேட்டார். முடியவில்லை.

அந்தப் போனில் என்ன கோளாறு என்று பிறகு விசாரித்துப் பார்த்தேன். 32 ஜிபி ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்திருக்கிறது, அவ்வளவுதான். காலை வணக்க வீடியோக்களை நீக்கியிருந்தால் பத்து நிமிடத்தில் சரியாகியிருக்கும்.

அன்றிலிருந்து வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யார் போனைக் கொடுத்தாலும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன். கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் அழிப்பதில்லை. திரும்பப் பெற முடியாத வேலை எதுவோ அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன்களுக்கானது. ஐபோனில் மாறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன். செட்டிங்ஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி இருக்கும். நான் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் தட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

முதலில் படங்களும் ஜிமெயிலும்

திரை தெரிகிறது, தொட்டால் வேலை செய்கிறது என்றால், பழுது பார்ப்பதற்கு முன் உள்ளே இருப்பதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால், பேக்கப் முடிந்ததா, இன்னும் எத்தனை படம் பாக்கி என்று காட்டும். பலர் கவனிக்காத ஒன்று: கேமராவில் எடுத்த படங்கள்தான் தானாகப் பேக்கப் ஆகும். வாட்ஸ்ஆப்பில் வந்த படங்கள் தனி ஃபோல்டரில் இருப்பதால், அந்த ஃபோல்டருக்கும் பேக்கப்பை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். சீர், கிடா விருந்து, காது குத்து என்று நம் வீட்டு விசேஷப் படங்களில் பாதி சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவைதான்.

கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் அதே கணக்கில் சேருவதால் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ஐபோனில் ஐகிளவுடு 5 ஜிபி மட்டுமே இலவசம். இடம் பற்றாவிட்டால் டைப் சி முனையுள்ள பென்டிரைவ் ஒன்று வாங்கி நேராகப் போனில் செருகி, கேமரா ஃபோல்டரையும் வாட்ஸ்ஆப் ஃபோல்டரையும் அதில் நகல் எடுத்துவிடலாம். மாதக் கட்டணம் கட்ட விரும்பாத வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாட்ஸ்ஆப் உரையாடல்களுக்கு அதன் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், கடைசியாகப் பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள்.

அடுத்தது ஜிமெயில். நம் ஊரில் பெரியவர்களின் போனுக்கு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தது பெரும்பாலும் போன் விற்ற கடைப் பையன்தான். என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போனை முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்யும்போது, பழைய கூகுள் கணக்கைக் கேட்காமல் ஆண்ட்ராய்டு உள்ளே விடாமல் போகலாம். திருட்டுப் போனைத் தடுக்க வைத்த பூட்டு, மறதிக்காரர்களையும் வெளியே நிறுத்திவிடலாம். அதனால் போன் நன்றாக இருக்கும்போதே செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குப் போய் மின்னஞ்சல் முகவரியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீட்புக்கான தொலைபேசி எண்ணாக மகனுடைய அல்லது மகளுடைய எண்ணைச் சேர்த்து விடுங்கள்.

இரண்டு கேள்விகள்

எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன் என்ன மாறியது? புது ஆப், அப்டேட், புது சார்ஜர், கீழே விழுந்தது, மழையில் நனைந்தது, புது டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியது. பாதிக் கோளாறுகள் இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

அப்புறம், உங்களுக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா? 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்ஆப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. இப்படி ஒரு இரவில் வாட்ஸ்ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட முயன்றால் உள்ளே போகவே முடியாது. அதே வருடம் மார்ச்சில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற ஒரு துணை ஆப்பின் கோளாறான அப்டேட்டால், ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. குரோமையும் வெப்வியூவையும் கூகுள் திருத்தி வெளியிட்டதும் சரியாயிற்று. எனவே பல ஆப்கள் ஒரே நாளில் மூடிக்கொண்டால், பக்கத்து வீட்டில் கேளுங்கள், பிளே ஸ்டோரில் அந்த இரண்டையும் அப்டேட் செய்யுங்கள், ஒரு நாள் பொறுங்கள். பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

ரீஸ்டார்ட்

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வாரக்கணக்கில் அணைக்காத போனில் ஏதோ ஒரு ஆப் பின்னணியில் சிக்கிக்கொண்டு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அது விடுபடும், படம் எதுவும் போகாது. திரையே உறைந்துவிட்டால் வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில போன்களில் பவர் பட்டன் மட்டுமே போதும். ஐபோன் 8-ம் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால், வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. ஆண்ட்ராய்டில் தவறிப்போய் வால்யூம் கூட்டும் பட்டனைச் சேர்த்து அழுத்தினால், கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியல் ஒன்று வரலாம். அதில் டேட்டாவைத் துடைப்பதற்கான வரியும் இருக்கும். அதைத் தொடாமல், ரீபூட் சிஸ்டம் நவ் என்ற வரியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

திணறும் போன்

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பாருங்கள். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இல்லையென்றால் திணறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தற்காலிகக் கோப்புகளை எழுதி அழிக்கவே போனுக்கு இடம் வேண்டும்.

வாட்ஸ்ஆப்பின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால், பலமுறை பார்வர்டு ஆனவை தனியாகவும் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும் இருக்கும். பலமுறை பார்வர்டு ஆனதில் உங்கள் வீட்டுப் படம் இருப்பது அரிது, அதிலிருந்து தொடங்குங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டதில் விசேஷ வீடியோக்கள் இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். அதே பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடு என்பதில் வீடியோவை அணைத்துவிட்டால் மறுபடி நிறையாது. கேலரியில் நீக்கியது உடனே போவதில்லை, குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். நகல் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு காலி செய்யுங்கள்.

ஒரு ஆப் மட்டும் மக்கர் செய்தால் அதன் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் தகவலுக்குள் போய், ஸ்டோரேஜ் பகுதியில் கிளியர் கேஷ் கொடுங்கள். பக்கத்திலேயே கிளியர் டேட்டா என்றும் இருக்கும். கேஷ் என்பது தற்காலிகக் குப்பை, நீக்கினால் நஷ்டம் இல்லை. டேட்டா என்றால் அந்த ஆப்பின் மொத்த உள்ளடக்கம். வாட்ஸ்ஆப்பில் கிளியர் டேட்டா கொடுத்தால் உரையாடல் எல்லாம் போய்விடும். இந்த இரண்டு பட்டன்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காமல் யாருக்கும் செட்டிங்ஸைத் திறந்து காட்டாதீர்கள்.

சார்ஜ் ஏறவில்லை

நம் பக்கத்தில் இந்தப் புகாருக்கு முதல் காரணம் பஞ்சு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், பல்லடம், சோமனூர் தறிக்குடோன்களில் நிற்கிறவர்கள், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், இவர்கள் போனின் சார்ஜிங் ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை படிந்திருக்கும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தப் பஞ்சு அடியில் இறுகி, கடைசியில் கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஆகிவிடும். செருகும்போது 'டிக்' என்று உட்காராமல் ஆடினால், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறினால், பஞ்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பொள்ளாச்சி மட்டை மில்லில் வேலை செய்பவர்களுக்கு நார்த் தூசி, ஈரோட்டு மண்டிகளில் மஞ்சள் தூள், கோழிப் பண்ணையில் தீவனத் தூசி என்று இடத்துக்கு இடம் பொருள்தான் மாறும்.

சுத்தம் செய்யும் முறை இது. போனை சுவிட்ச் ஆஃப் செய்யுங்கள். மரத்தாலான பல்குச்சியை எடுத்து, ஓரத்தை ஒட்டி அடிவரை விட்டு, கிளறி மேலே இழுங்கள். டைப் சி ஓட்டையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், மின்சாரத் தொடுமுனைகள் அதில்தான் உள்ளன. அதை நெம்பினால் உடைந்துவிடும், அதனால் அதைச் சுற்றி மட்டும். ஊக்கு, குண்டூசி, ஊசி கூடவே கூடாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். மில்லில் மெஷினைத் துடைக்கிற ஏர் பைப்பைப் போனுக்கும் அடிக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த அழுத்தம் மைக்கின் சவ்வைக் கிழிக்கலாம், தூசியை இன்னும் உள்ளே தள்ளலாம், நீர் புகாமல் இருக்க வைத்த ரப்பர் அடைப்பையும் கெடுக்கலாம். கைத்தறித் துண்டில் சுற்றியோ ஜிப் வைத்த கவரிலோ போனை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் பாதித் தூசி குறையும்.

பஞ்சு இல்லையென்றால் வேறு கேபிள், பிறகு வேறு சார்ஜர், பிறகு வேறு பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெட்டது என்று தெரியாது. கெட்டுப்போவது பெரும்பாலும் கேபிள்தான், அதுவும் முனையில் மடியும் இடத்தில். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் திரை தானாகத் தொடுவது போல் துள்ளினால், மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல்தான் காரணமாக இருக்கும். திரையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

சூடும் பேட்டரியும்

கோடையில் தமிழ்நாட்டின் வெப்பநிலைப் பட்டியலில் ஈரோடும் கரூர் பரமத்தியும் அடிக்கடி மேலே வந்து நிற்கும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் நமக்குப் புதிது இல்லை. ஆனால் ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை என்று ஆப்பிள் சொல்வது 0 முதல் 35 டிகிரி வரைதான். சித்திரை மதியத்தில் கார் டேஷ்போர்டிலோ பைக் டேங்க் கவரிலோ இருக்கும் போன் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் சார்ஜ் ஏறுவது நிற்பதும் திரை மங்குவதும் பழுது இல்லை, போன் தன்னைக் காத்துக்கொள்வது. கவரைக் கழற்றி, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் உள்ளே நீர்த்துளி பூத்துவிடும்.

சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுக்குப் பிறகு முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. ஒரு சுற்று என்பது மொத்தம் 100 சதவீதம் செலவாவது. நாளுக்குப் பாதி செலவழித்தால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. பேட்டரி ஆரோக்கியம் 80-க்குக் கீழே போயிருந்தால் ஆப்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பேட்டரியை மாற்றுங்கள். நன்றாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால், செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டைப் பார்த்தால் எந்த ஆப் தின்கிறது என்று தெரியும். சிக்னல் குறைந்த ஊரில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி போகும். 5ஜி வந்து வந்து மறையும் இடத்தில் 4ஜிக்கு மாற்றி வைத்தால் நன்றாகவே தாங்கும்.

பின்மூடி உப்பியிருந்தால், திரை ஒரு ஓரத்தில் மேலே எழும்பியிருந்தால், இந்த வழிகாட்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடக் கூடாது, அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது. தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரில் விழுந்தால்

உடனே சுவிட்ச் ஆஃப். சிம் தட்டை வெளியே எடுங்கள். சார்ஜிங் ஓட்டை கீழே பார்த்தபடி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி நீரை வடியுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். வேலை செய்கிறதா என்று நடுவில் ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பல போன்களைக் கொன்றிருக்கிறது.

அரிசி டின்னுக்குள் போட வேண்டாம். அரிசியின் துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே 2024-ல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. ஹேர் டிரையரும் கூடாது. நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், எந்தத் தண்ணீர் என்று. சிறுவாணித் தண்ணீரும் ஆயிரம் அடி போர் தண்ணீரும் ஒன்றல்ல. உப்பு மிகுந்த போர் தண்ணீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், காய்ந்த பிறகும் உப்பை விட்டுச் சென்று உள்ளே அரிக்கும். சோப்புத் தண்ணீரும் ஆபத்து. அப்படி நனைந்தது இரண்டு நாளில் ஓடினாலும், திறந்து சுத்தம் செய்யக் கொடுப்பது நல்லது. சார்ஜ் போடும்போது நீர்த்துளிப் படம் காட்டினால் ஓட்டையில் ஈரம் இருக்கிறது என்று பொருள், காயும்வரை பொறுங்கள்.

சிக்னல், இன்டர்நெட், ஓடிபி

ஏரோபிளேன் மோடை ஆன் செய்து அரை நிமிடம் கழித்து ஆஃப் செய்யுங்கள். போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய்வந்த பிறகு இன்டர்நெட் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். வாளையார், மீனாட்சிபுரம் போன்ற கேரள எல்லைப் பக்கம் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அழைப்பு வந்து டேட்டா மட்டும் வராவிட்டால் டேட்டா ரோமிங்கை ஆன் செய்து பாருங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் சிம்மைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள், வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வேலை செய்யவில்லையென்றால் குற்றம் சிம்மில். கடைசியாக ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ். வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் போகும், படங்கள் போகாது.

எந்த இணையதளம் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று வந்தால் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து எழுந்த போனில் தேதி பின்னால் போயிருக்கும். தானியங்கி நேரத்தை ஆன் செய்தால் தீர்ந்தது.

ஓடிபி வரவில்லை என்றால் எஸ்எம்எஸ் ஆப்பின் ஸ்பேம் பகுதியில் தேடுங்கள். சிம் மாற்றி ஒரு நாள் ஆகாவிட்டால் காத்திருங்கள், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. யுபிஐ ஆப்பை முதல்முறை பதியும்போது போன் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மிலிருந்து அது போக வேண்டும், பிளானில் எஸ்எம்எஸ் இருக்கவும் வேண்டும். இரண்டு சிம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சத்தம், தொடுதிரை, கேமரா

ரிங் கேட்கவில்லை என்றால் டூ நாட் டிஸ்டர்ப், பிறகு ப்ளூடூத். பக்கத்து அறை ஸ்பீக்கரில் போன் இணைந்து கிடக்கும். சத்தம் கரகரவென்று மங்கி வந்தால், லேத் பட்டறையிலோ பவுண்டரியிலோ வேலை செய்கிறவரா என்று கேளுங்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் இரும்புத் தூளை அது இழுத்து வலைமேல் அப்பிக்கொள்ளும். பிரஷ் போட்டால் அங்கேயே சுற்றிச் சுற்றி ஒட்டும். பசை டேப்பை மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

கால் பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டுக் கட் ஆனால், திரையின் மேற்பகுதியில் இருக்கும் சென்சாரை டெம்பர்ட் கிளாஸ் மறைக்கிறது. கைரேகை எடுக்கவில்லையா? களை வெட்டும் கையிலும் தறி ஓட்டும் கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். தேய்வு குறைந்த விரலைத் தேர்ந்தெடுத்து அதே விரலை இரண்டு முறை பதிந்து வைத்தால் நன்றாகப் பிடிக்கும். படம் ஆடினால், பைக் ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கத்தை விடுங்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்தது. திரையில் பச்சைக் கோடு விழுந்தால் செட்டிங்ஸில் மருந்து இல்லை. காசு கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தருகிறார்களா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

விளம்பரமும் வேண்டாத ஆப்பும்

எதையும் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வந்தால் அந்த நொடியே ரீசன்ட் பட்டனை அழுத்துங்கள். எந்த ஆப்பின் பெயர் மேலே நிற்கிறதோ பெரும்பாலும் அதுதான். நீக்க விடவில்லையென்றால், பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் சேஃப் மோடு என்று கேட்கும். அதில் நீங்களாக நிறுவிய ஆப் எதுவும் ஓடாது, நிதானமாக நீக்கலாம்.

இதைவிட மோசமானது ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நிறுவும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்றும் வாட்ஸ்ஆப்பில் வரும். பத்திரிகை என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், அதை நிறுவ வேண்டிய தேவையே இல்லை. முகூர்த்த மாதத்தில் தினம் நாலு பத்திரிகை வரும் நம் வீடுகளில், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் யோசிக்காமல் தொட்டுவிடாதீர்கள். அவர் போனும் மாட்டியிருக்கலாம். தொட்டு நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு, வைஃபையும் ஆஃப். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. அதன் பிறகு சேஃப் மோடில் அந்த ஆப்பை நீக்குங்கள். சந்தேகம் மிச்சம் இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழு ரீசெட்டை நானே சொல்வேன்.

கடைக்குக் கொடுக்கும்போது

இவ்வளவும் பார்த்து ஆகவில்லை என்றால்தான் ஃபேக்டரி ரீசெட்டோ கடையோ. அணைத்த நிலையில் கொடுக்க வேண்டியிருந்தாலும், முன்பே *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தாலும், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண்தான் வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் படமும் மெசேஜும் பழுது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பில்லில் கோளாறு, மாற்றும் பாகம், தொகை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். "டேட்டா அழிக்கணும்னா எனக்குக் கூப்பிட்டுக் கேட்டுட்டுப் பண்ணுங்க" என்று வாயாலும் சொல்லுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். எங்கள் மாமா அன்று கேட்காமல் விட்டது இதைத்தான்.

திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு, இரண்டு கேமராவிலும் ஒரு படம், ஒரு வாய்ஸ் மெசேஜ், கைரேகை, சார்ஜ் எல்லாவற்றையும் பாருங்கள். போன வருடம் தங்கச்சி போனுக்குப் பேட்டரி மாற்றி வாங்கினோம். வாய்ஸ் மெசேஜ் பதிந்து கேட்டால் சத்தமே இல்லை. மறுபடி திறந்து பார்த்தார்கள். மைக்குக்குப் போகும் ஒயர் சரியாக உட்காரவில்லை. பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை.